நகரத்தான் மேய்த்த மாடுகள்

கடிதத்தை வீதா மூன்றாவது முறை படித்தாள். மூன்றாவது முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது. யாசென் கிராமத்து ஆலங்கட்டித் தடுப்பு நிலையத்துக்கு ஐநூறு மீட்டருக்குள் ஒரு குடியிருப்பு இருப்பது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. அந்த வீட்டின் உரிமையாளர் எழுத்து மூலம் சம்மதம் தரும்வரை நிலையம் இயங்கக் கூடாது. கீழே ஒரு முத்திரை. முத்திரைக்குக் கீழே, கையெழுத்து வாங்க வேண்டிய படிவம். அதிலும் ஒரு முத்திரை.

"அந்த வீடு எப்பக் கட்டுனது?" என்று கணவனைக் கேட்டாள்.

திஹோமிர் வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

"போன வருஷம்."

"நம்ம நிலையம்?"

"முப்பது வருஷம் இருக்கும்."

"அப்ப யாரு யாருக்குப் பக்கத்துல வந்தது?"

"சரி, விடு வீதா."

"நிலத்தை யாரு வித்தது?"

திஹோமிருக்குத் திடீரென்று தொழுவத்தில் மாடு கூப்பிடுவது கேட்டது. மாடு வாயைத் திறக்கவேயில்லை. ஒரு காலில் மட்டும் காலணியோடு எழுந்து போனான்.

ஜூன் மாதக் கடைசி வாரம் அது. சரிவு முழுக்க ராஸ்பெர்ரி பழுத்துத் தொங்கியது. பழம் பறிக்கிற இருபத்தைந்து நாள்தான் யாசென்காரர்களுக்கு வருஷம். மற்ற மாதங்களெல்லாம் அதற்கான முன்னேற்பாடு, அல்லது அதைப் பற்றிய பேச்சு. அந்த இருபத்தைந்து நாளில் ஒருநாள் மேற்கே மேகம் கறுத்து ஆலங்கட்டி விழுந்தால், பத்து நிமிஷத்தில் வருஷம் முடிந்துவிடும். அதற்காகத்தான் குன்றின் உச்சிப் புல்வெளியில் ஒரு பச்சைத் தகரக் கொட்டகையும், பக்கத்தில் ராக்கெட் ஏவும் இரும்புச் சட்டமும் நின்றன. ரேடார் மையத்திலிருந்து போன் வரும். திசை சொல்வார்கள், சாய்வு சொல்வார்கள், எத்தனை நிமிஷத்துக்குள் என்று சொல்வார்கள். வீதா மேலே ஓடிப்போய் மேகத்தின் வயிற்றுக்குள் ராக்கெட்டை விடுவாள். பத்தொன்பது வருஷமாக யாசெனின் ராக்கெட்காரி அவள்தான். அந்த ராக்கெட் உண்மையிலேயே மேகத்தைக் கலைக்கிறதா என்று தலைநகர் பெல்கிரேட்டில் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்வதாகக் கேள்வி. அவர்களுக்கு ராஸ்பெர்ரி கடையில் கிடைக்கிறது, சண்டை போடலாம்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை அந்தக் குன்றில் வீடு கிடையாது. இப்போது இருபத்திரண்டு. எல்லாமே கூரை தரையைத் தொடுகிற மரவீடுகள், எல்லாவற்றுக்கும் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர், எல்லாவற்றிலும் வாரக் கடைசியில் புகை. அவர்கள் தங்களுக்குள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'அமைதிக் குன்று'. ராக்கெட்காரி என்பதால் வீதாவையும் அதில் சேர்த்திருந்தார்கள், தகவலுக்காக. தகவல் நிறையவே வந்தது. சேவல் நான்கரை மணிக்குக் கூவுகிறது, அதைச் சற்றுத் தள்ளிப்போட முடியுமா. எருவை வார நாட்களில் மட்டும் கொட்ட முடியுமா. அதிகாலை ஐந்து மணிக்கு டிராக்டர் ஓட்டுவதற்கு ஏதாவது தனிக் காரணம் உண்டா. வீதா எதற்கும் பதில் போட்டதில்லை. ஆனால் ஒன்றுவிடாமல் படித்தாள், புண்ணைச் சொறிகிறவள் போல.

மே மாதம் இரண்டு ராக்கெட் விட்டதற்குப் பிறகு அந்தக் குழு ஒரு புகார் எழுதியது. சத்தத்தை அளக்க ஓர் ஆய்வாளர் வந்தார். சத்தமே இல்லாத நாளில் வந்ததால் தூரத்தை அளந்தார். கொட்டகையிலிருந்து முதல் வீட்டுச் சுவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

"அந்த வீட்டுக்கு அனுமதி இருக்கா சார்?" என்று வீதா கேட்டாள். "இந்தக் குன்றுல எந்த வீட்டுக்கும் அனுமதி கிடையாது. ஊருக்கே தெரியும்."

"அது வேற துறைம்மா."

"அனுமதி இல்லாத வீடு சட்டப்படி வீடா?"

"அது அந்தத் துறைதான் சொல்லணும். என் கருவியில சுவர் தெரியுது."

முதல் வீட்டுக்காரி ஸ்டாஷா. அவளிடம் கையெழுத்து வாங்கத்தான் வீதா மூன்று நாளாகப் போகாமல் இருந்தாள். பறிப்பு வேலை இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முப்பது வருஷம் நின்ற நிலையத்துக்காக, போன வருஷத்து வீட்டில் போய்க் கையேந்துவதா என்பதுதான் உண்மையான காரணம். வியாழக்கிழமை மதியம், வானொலியில் மறுநாளைக்கு இடிமழை என்று சொன்ன பிறகு, ஏப்ரன் பையில் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

ஸ்டாஷாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மரத் தளத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, காதில் மாட்டிய கருவி வழியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். காலடியில் மஞ்சள் நிற நாய். அதன் பெயர் மாங்கோ. இந்த மலையில் எவரும் மாம்பழத்தை மரத்தில் பார்த்ததில்லை. நாய்க்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று வீதா கேட்டுக்கொண்டதில்லை.

"வாங்க மேடம் வீதா. உக்காருங்க."

"மேடம்னு கூப்பிடாதீங்க. யாரோ வரி கேட்டு வந்த மாதிரி இருக்கு. ஒரு கையெழுத்து வேணும்."

ஸ்டாஷா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பி, முத்திரை உட்பட எல்லாவற்றையும் படித்தாள்.

"இதுல போட்டேன்னா நீங்க எப்ப வேணா வெடிக்கலாம். அப்படித்தானே?"

"எப்ப வேணா இல்ல. மேகம் வர்றப்ப."

"போன மாசம் ரெண்டு தடவை வெடிச்சீங்க. மாங்கோ ரெண்டு நாள் சாப்பிடல. நான் மீட்டிங்ல இருந்தேன். பதினோரு பேர் பாத்துட்டு இருக்கறப்பவே மேசைக்கு அடியில."

"நாயா?"

"நான்."

வீதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இங்கே சிரித்தால் கையெழுத்து போய்விடும்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லலாமில்ல," என்றாள் ஸ்டாஷா.

"மேகம் எனக்கே சொல்லிட்டு வர்றதில்லையேம்மா."

"நான் சண்டைக்கு வரல. ஆனா இந்த இடத்தை ஓக்னியென் எதுக்கு வாங்குனான்? அமைதிக்குத்தான். இங்க வந்தா நம்ம மூச்சு சத்தம் நமக்கே கேக்குதுன்னு எனக்கு எழுதினான். அவன் ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அதை நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறதா?"

ஓக்னியென் அவளுடைய அண்ணன். திஹோமிரிடம் நிலம் வாங்கியவன் அவன்தான். வீடு பாதி எழும்பியிருந்தபோது, போன ஆகஸ்டில், கீழே அணைக்கட்டு ஏரியில் பலகை மேல் நின்று துடுப்புப் போடப் போனான். மறுநாள் காலைதான் கிடைத்தான். மீதி வீட்டைத் தங்கை கட்டி முடித்து, ஏப்ரலில் நாயோடு குடிவந்தாள்.

வீதாவுக்கு அவனை நன்றாகத் தெரியும். அமைதியாவது ஒன்றாவது. அந்த ஒரு கோடை முழுக்க அவன் ராக்கெட் கொட்டகைப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். இது எதுக்கு, அது எதுக்கு, உள்ளே என்ன பொடி, மேகத்துக்குள்ளே போனதும் என்ன ஆகும் என்று ஒவ்வொரு திருகாணியாகக் கேட்டான். "ஒரே ஒரு தடவை நான் அமுக்கறேனே, வீதா அக்கா" என்று தினமும் கெஞ்சினான். விதி கிடையாது என்று அவளும் தினமும் சொன்னாள். மாட்டைக் கண்டால் மட்டும் பயம். திஹோமிரின் கிழட்டுப் பசு முகர்ந்து பார்க்க வந்ததற்கே வேலி மேல் ஏறி நின்றான். இதையெல்லாம் இப்போது சொல்லலாம். செத்துப்போன அண்ணனைப் பற்றித் தங்கையிடம் போய், உனக்கு அவனைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது. வீதா வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் எரிச்சல் கூடியது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் ஸ்டாஷா. "குரூப்ல ஒரு வார்த்தை கேக்கணும்."

"வீடு உங்களோடதுதானே?"

"எல்லாரும் சேர்ந்துதான் புகார் குடுத்தோம்."

"ராஸ்பெர்ரியும் எல்லாரும் சேர்ந்துதான் திங்கறீங்க," என்று சொல்லிவிட்டு, படிவத்தை உருவி மறுபடி மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு வீதா இறங்கினாள். பாதி வழி வந்த பிறகுதான், கையெழுத்து வாங்கப் போனவள் சொல்லிவிட்டு வர வேண்டிய வாக்கியம் அதுவல்ல என்று உறைத்தது.

மறுநாள் மூன்றரை மணிக்குக் காற்று நின்றது. ஈ கூட அசையவில்லை. அடுத்த ஊரான லோக்வாவின் மலைக்கு மேல் மேகம் எழும்பி நின்றது. அடி கருநீலம், உச்சி வெள்ளை, நடுவில் பழைய காயம் போல ஒரு பச்சை. பச்சை தெரிந்தால் உள்ளே கட்டி இருக்கிறது என்று அர்த்தம். வீதாவும் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோயான்காவும் பறித்த பழப்பெட்டிகளைத் தோட்டத்துக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டார்கள். செடியிலிருந்த பழத்தை எங்கே இழுத்துப் போடுவது.

போன் அடிக்கவில்லை. அவளே அடித்தாள்.

"யோவிட்ஸா, நான் வீதா. லோக்வாவுக்கு மேல நிக்குது பாரு."

ரேடார் மையத்து யோவிட்ஸாவை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை; பத்து வருஷமாகக் குரல் மட்டும் பழக்கம். "பாத்துட்டுத்தான் இருக்கேன் வீதா. பெருசு."

"திசை சொல்லு."

"எப்படிச் சொல்ல? உன் நிலையம் பட்டியல்ல இல்ல."

"பட்டியல்ல இல்லைன்னா மேகம் இந்தப் பக்கம் வராதா?"

"என் மேல கோவப்படாத. வானத்துல விமானம் போகுது. நான் மேலிடத்துல வழி கேட்டு வாங்காம நீ விட முடியாது. பட்டியல்ல பேரு இருந்தாத்தான் நான் கேக்க முடியும். அந்தக் கையெழுத்தை வாங்கி ஒரு போட்டோ அனுப்பு, ரெண்டு நிமிஷத்துல சேத்துடறேன்."

"கையெழுத்து வாங்கற நேரத்துல பழத்தையே பறிச்சு முடிச்சுடலாம் போல இருக்கு," என்று வீதா போனை வைத்தாள்.

ராக்கெட் பெட்டியின் சாவி அவள் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். மேலே ஓடிப்போய் இரண்டை விட்டுவிட்டால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள். மேகத்துக்கு மேலே எங்கோ ஒரு விமானத்தில் யாரோ பிள்ளைக்கு ஜன்னல் வழியே மேகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. சாவியை விட்டாள். அந்தப் பிள்ளை மேலேயும் எரிச்சல் வந்தது.

வீட்டு முற்றத்தில் திஹோமிர் கோடரியை எடுத்துவந்து, கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி, காம்பை மண்ணில் இறுக்கி நட்டான். மேகம் வருகிற பக்கம் பார்த்து நட வேண்டும். அந்தப் பக்கம்தான் மேட்டில் மரவீடுகள். பிறகு மூன்று கால் மேசை ஒன்றைக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்தான்.

"இது நிறுத்துமா?" என்றாள் வீதா.

"எங்கப்பா வெச்சார்."

"நின்னுச்சா?"

"சில தடவை."

"ராக்கெட்டும் அப்படித்தான்," என்றாள் ஸ்டோயான்கா. "அது போகட்டும், கூப்பிடுங்க சீக்கிரம்."

ஆலங்கட்டி மேகம் என்பது வெள்ளை மாட்டுக் கூட்டம். இது யாசெனில் எல்லோருக்கும் தெரியும். அதை ஓட்டிக்கொண்டு வருபவன், அந்த வட்டாரத்தில் கடைசியாகத் தண்ணீரில் மூழ்கிச் செத்தவன். அவன் பெயரைச் சொல்லி, மாட்டைத் திருப்பு என்று கத்த வேண்டும். நம்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கத்தாமலும் இருக்க மாட்டார்கள். இருபது வருஷமாக அவர்கள் கூப்பிட்டது மிலுனை. வாழ்நாளெல்லாம் மாடு மேய்த்தவன், குடித்துவிட்டு ஆற்றைக் கடந்தவன். நம்பிக்கையான ஆள்.

வீதா கைகளை வாயருகே குவித்தாள். "மிலுன்..."

"மிலுன் இல்ல," என்றாள் ஸ்டோயான்கா. "கடைசி ஆளுதான் கணக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ஆள் யார் என்பது ஒரே சமயத்தில் மூவருக்கும் நினைவு வந்தது.

"அவன் பெல்கிரேட்காரன்," என்றாள் வீதா. "பசுவைப் பாத்தா வேலி மேல ஏறுவான்."

"அதான் பாரு, மந்தை நேரா இங்க வருது," என்றாள் ஸ்டோயான்கா. "ஓட்டத் தெரியாதவன் கையில குச்சியைக் குடுத்தா வேற என்ன ஆகும்?"

"மேய்க்கற வேலைக்கும் பட்டணத்துக்காரங்க வந்துட்டாங்க," என்றான் திஹோமிர்.

"நீ பேசாத. நிலத்தை வித்தவன்."

லோக்வா மலை மறைந்தது. வீதாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் பழம் போய்விடும்.

"ஓக்னியென்," என்று கத்தினாள். "ஏ ஓக்னியென். உன் வெள்ளை மாட்டைத் திருப்பு. எங்க கொல்லைக்கு வராத. மலைக்கு ஓட்டு, காட்டுக்கு ஓட்டு."

ஏப்ரன் பையில் போன் துடித்தது. மையமோ என்று அவசரமாக எடுத்தாள். அமைதிக் குன்று. யாரோ கோடரியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். 'நம் வீடுகளை நோக்கிக் கோடரி நட்டிருக்கிறார்கள். இது மிரட்டலா? இங்கே சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?' அதற்குக் கீழே, 'போலீஸைக் கூப்பிடலாமா?' அதற்கும் கீழே, 'கூப்பிட்டால் சேவல் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.'

"கடவுளே, இவங்களையும் அந்த மாட்டோட சேத்து ஓட்டிட்டுப் போ," என்று வீதா போனைப் பையில் போட்டாள். மறுபடி கத்தினாள். "ஓக்னியென்."

மேட்டிலிருந்து ஸ்டாஷா ஓடிவந்தாள். காலில் வீட்டுச் செருப்பு, ஒரு கையில் நாயில்லாத நாய்க்கயிறு.

"யாரைக் கூப்பிடறீங்க?" மூச்சு வாங்கியது. "எதுக்கு அவன் பேரைக் கூப்பிடறீங்க? கோடரியை நட்டு வெச்சுட்டு எங்கண்ணன் பேரைக் கத்தறீங்க. உங்களுக்கெல்லாம் மனுஷத்தன்மை இருக்கா?"

"கோடரி மேகத்துக்கு," என்றான் திஹோமிர் பணிவாக.

வீதா விளக்கினாள். இப்படி ஒரு விஷயத்தை, இப்படி ஒருத்தியிடம், இப்படி ஒரு நேரத்தில் விளக்க வேண்டியிருந்ததே என்ற சலிப்போடு, நாலே வாக்கியத்தில். மேகம் மாடு. மூழ்கியவன் மேய்ப்பன். கடைசியாக மூழ்கியவன் உன் அண்ணன். எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

ஸ்டாஷா வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அவனுக்கு ஒரு கோழியைக்கூட ஓட்டத் தெரியாதே."

"அதைத்தான் நாங்களும் சொல்லிட்டு இருக்கோம்," என்றாள் ஸ்டோயான்கா. "ரத்த சொந்தம் கூப்பிட்டா இன்னும் நல்லதுன்னு சொல்வாங்க."

"கையெழுத்துப் போட்டா அதைவிட நல்லது," என்றாள் வீதா.

முதல் கட்டி தகரக் கூரையில் விழுந்தது. பட்டாணி அளவு. துள்ளி வந்து ஸ்டாஷாவின் செருப்பருகே கிடந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

"இங்க பாரும்மா," என்றாள் வீதா. 'நீங்க' போய்விட்டதை இருவரும் கவனிக்கவில்லை. "உங்கண்ணன் அமைதிக்கு வந்தான்னு சொன்னியே. அவன் போன கோடை முழுக்க உக்காந்திருந்தது எங்க தெரியுமா? அந்த ராக்கெட் கொட்டகைப் படியில. ஒரு தடவை அமுக்கறேன், ஒரு தடவை அமுக்கறேன்னு என் உயிரை எடுத்தான். விதி இல்லடான்னு நான் விரட்டி விட்டேன். மூச்சு சத்தம் கேட்டுச்சாம். அவன் வாயை மூடினாத்தானே மூச்சு கேக்கும்."

ஸ்டாஷாவின் முகம் என்னவோ ஆனது. அதைப் பார்க்க வீதாவுக்கு நேரமில்லை.

"அமுக்கணும்னு சொன்னானா?"

"தினமும்."

"எங்க கையெழுத்து?"

கவிழ்த்த பழப்பெட்டி மேல் படிவத்தை விரித்து, திஹோமிரின் தொப்பியால் மழையை மறைத்து, ஸ்டாஷா கையெழுத்துப் போட்டாள். வீதா படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போனை அடித்தாள்.

"வந்துடுச்சு," என்றான் யோவிட்ஸா. "சேத்துட்டேன். இப்ப வழி கேக்கணும். மேல ஒரு விமானம் தாண்டற வரைக்கும் நாலு நிமிஷம். நீ மேல கொட்டகைக்குப் போ."

நாலு நிமிஷம். மேல் வரிசைகளில் ஏற்கெனவே சடசடவென்று கேட்டது. குன்றின் மேல் ஓடியபோது ஆலங்கட்டி அவள் முதுகில் கல்லெறிகிற மாதிரி அடித்தது. கொட்டகைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, ராக்கெட் இரண்டைச் சட்டத்தில் ஏற்றிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே முற்றத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்டாஷா கத்திக்கொண்டிருந்தாள்.

"ஓக்னியென், சொன்ன ஒரு வேலையாவது நேரத்துக்குச் செஞ்சிருக்கியா நீ? அலமாரிக்குக் கதவு போடறேன்னு மூணு வருஷம் சொன்ன. அம்மாவுக்கு போன் பண்றேன்னு சொன்ன. மிதவைச் சட்டையைப் போட்டுட்டுப் போன்னு எத்தனை தடவை சொன்னேன், போட்டியா? இப்ப மாட்டையாவது திருப்பு. திருப்புடா கழுத."

"இன்னும் சத்தமா," என்று வீதா மேலிருந்து கத்தினாள். "அவ்வளவு உயரத்துக்குக் கேக்காது."

"திசை இருநூத்தி நாப்பது, சாய்வு அறுபத்தஞ்சு," என்றான் யோவிட்ஸா. "ரெண்டு. இப்ப."

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அமுக்கினாள். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அந்தச் சத்தம் அவளுக்குக் கதவு அடைகிற மாதிரி. மேகத்துக்குள் எங்கோ முதல் வெடி, அப்புறம் இரண்டாவது. பிறகு சில நிமிஷம் ஒன்றும் மாறவில்லை. பிறகு கட்டி சின்னதாகி, சேறாகி, வெறும் மழையானது.

மேல் ஆறு வரிசை போய்விட்டது. இலையும் பழமும் சேர்ந்து சிவப்புக் கூழாகக் கிடந்தது. அதற்குக் கீழே முப்பத்தொரு வரிசை அப்படியே நின்றது, ஒன்றும் தெரியாத மாதிரி சொட்டிக்கொண்டு. வீதா வரப்பில் நின்று இரண்டையும் பார்த்தாள். நாலு நிமிஷத்துக்கு ஆறு வரிசை. அந்தப் பெண் நேற்றே போட்டிருந்தால். அல்லது அவள்தான் மூன்று நாள் முறைப்பை விட்டுவிட்டு முன்பே போயிருந்தால். இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

முற்றத்தில் வாக்குவாதம் தொடங்கியிருந்தது. கோடரிதான் என்றான் திஹோமிர். தங்கை கூப்பிட்டதுதான் என்றாள் ஸ்டோயான்கா. மேகம் இப்போது வடக்கே திரும்பி வேறொரு ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரில்தான் ஸ்டோயான்காவின் சம்பந்தி வீடு. "திருப்பத் தெரிஞ்சவனுக்கு எங்க திருப்பறதுன்னு தெரியல," என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஸ்டாஷா நாயைத் தேடினாள். அது தொழுவத்தில் கிழட்டுப் பசுவின் வயிற்றுக்கடியில் ஒண்டிப் படுத்திருந்தது. பசு அசை போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணனை மாதிரி இல்ல இது," என்றான் திஹோமிர்.

வீதா ஒரு சின்னத் தட்டில் பழப்பாகு வைத்து, கரண்டியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் கொண்டுவந்து ஸ்டாஷா முன்னால் வைத்தாள். முதல்முறை வாசல் மிதித்து வந்தவருக்கு வைத்தே ஆக வேண்டும். எரிச்சல் இருந்தாலும் வைத்தே ஆக வேண்டும். ஸ்டாஷா ஒரு கரண்டி தின்று தண்ணீர் குடித்தாள்.

"அடுத்த தடவை விடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன்," என்றாள் ஸ்டாஷா. "மாங்கோவைக் கூட்டிட்டு வந்து இந்தப் பசுகிட்ட விட்டுடறேன்."

"நேரம் இருந்தா."

"ஒரு தடவை நான் அமுக்கலாமா?"

"விதி இல்ல."

புதன்கிழமை அடுத்த கடிதம் வந்தது. அதையும் வீதா மூன்று முறை படித்தாள். தாங்கள் அனுப்பிய சம்மதப் படிவத்தை ஏற்க இயலவில்லை. கையெழுத்திட்டவர் குறிப்பிட்ட நிலத்தில், பதிவேட்டின்படி, குடியிருப்பு எதுவும் இல்லை. எனவே ஐநூறு மீட்டருக்குள் வீடு ஏதும் இல்லாத காரணத்தால் நிலையம் விதிப்படியே அமைந்துள்ளது, தொடர்ந்து இயங்கலாம். முத்திரை.

திஹோமிர் இதற்குள் தொழுவத்துக்குப் போயிருந்தான். அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

கண்ணாடிச் சுவரில் ஒரு பலகை சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. ஸ்டாஷா அதில் காகிதப் பசை நாடாவை ஒட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். இந்த முறை சீக்கிரமே முடித்துவிட்டாள்.

"அப்ப கையெழுத்தே தேவையில்லையா?"

"தேவையே இல்லையாம்."

"இதை அவங்க போன வாரமே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஆறு வரிசை இருந்திருக்கும்," என்றாள் வீதா. "உன் கண்ணாடியும் இருந்திருக்கும்."

"அப்ப நான் குடியிருக்கறது எங்க?"

"காகிதப்படி எங்கயும் இல்ல."

ஸ்டாஷா நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கீழே முற்றத்தில் திஹோமிரின் சேவல், பட்டப்பகலில், காரணமே இல்லாமல் கூவியது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதைப் பத்தி மட்டும் ஏதாவது பண்ண முடியுமா வீதா அக்கா?" என்றாள் ஸ்டாஷா. "தினமும் நாலரை மணிக்கு."

வீதா கடிதத்தை வாங்கி ஏப்ரன் பையில் மடித்து வைத்தாள்.

"இல்லாத வீட்டுக்குச் சேவல் கேக்காது," என்றாள்.